வண்டிக்குக் காத்திருந்த புல்தரை

சிக்குச் சிக்குச் சிக்கென்று ஒரு சுற்று சுற்றி, சுற்று முடிகிற இடத்தில் தகரத்தின் மேல் தடதடவென்று தண்ணீர் அடித்துவிட்டு, மறுபடியும் சிக்குச் சிக்கென்று திரும்பிப் போகிற ஒரு சத்தம், நாற்பத்து நான்கு வருடங்களுக்கு முன்னால் ஒரு மாசி மாதக் காலையில், டெலிபோன் கம்பி வழியாகப் பரிபூரணத்தின் இடது காதுக்குள் வந்து சேர்ந்தது. அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது. உப்போடை மில்லில் டெலிபோன் ஆபரேட்டர். தோட்டத்து ஷெட்டிலிருந்து கார்டன் சூப்பர்வைசர் ஞானசிகாமணி எக்ஸ்சேஞ்சைக் கூப்பிட்டு, எந்த நம்பரும் கேட்காமல், தண்ணீர் தெளிக்கும் பித்தளைக் குழாயின் பக்கம் ரிசீவரை நீட்டிப் பிடித்திருந்தான்.

"கேக்குதா?" என்றான் கொஞ்ச நேரம் கழித்து.

"கேக்குது."

"உங்க வீட்டு வாசல்தான். இன்னைக்குப் போட்டு முடிச்சாச்சு."

அவ்வளவுதான் பேச்சு. வானம் வருடத்தில் எட்டு மாதம் வெறுமனே கிடக்கிற அந்தக் கரிசல் காட்டின் நடுவில், வெளிநாட்டில் புல்தரையைப் பார்த்துவிட்டு வந்த மில் முதலாளி தன் ஆட்கள் குடியிருக்கிற முப்பத்திரண்டு வீட்டு வாசலிலும் பச்சை வேண்டும் என்று ஆசைப்பட்டார். சிகாமணி பெங்களூருக்குப் போய் ஈரச் சாக்கில் புல்லைச் சுற்றி ரயிலில் ஏற்றிக் கொண்டுவந்து உப்போடை ஸ்டேஷனில் இறக்கினான். வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கிற கரிசலை நம்பாமல் வண்டி வண்டியாகச் செம்மண் அடித்து அதன் மேல் ஒவ்வொரு வாசலாகப் பதித்துக்கொண்டே வந்தான். பரிபூரணத்தின் வாசலைக் கடைசியாக வைத்துக்கொண்டான், அங்கே அவசரப்படாமல் வேலை செய்யலாம் என்று.

மூன்று வருடம் அந்தச் சத்தத்தை அவன் அவளுக்குப் போனில் அனுப்பினான். அவன் வீட்டார் நாசரேத்துக் கிறிஸ்தவர்கள், சர்ச்சில் கோயில் பிள்ளைகள்; அவள் அண்ணன் சைவப் பிள்ளை. இரண்டு பக்கமும் கதவைச் சாத்திக்கொண்டார்கள். பிறகு பாலைவன நாடு ஒன்றில் அரண்மனையைச் சுற்றிப் புல் போட ஆள் கேட்டார்கள் என்று அவன் கிளம்பினான்.

"ரெண்டு வருசம்," என்றான். "புல்லு காயாமப் பாத்துக்கோ பூரணம். அது பச்சையா நிக்கிற வரைக்கும் நான் வந்துருவேன்னு வச்சுக்கோ."

அவன் சாயங்கால வண்டிக்குப் போனபோது அவளுக்கு டியூட்டி. வண்டி கூவிக்கொண்டு புறப்பட்ட நேரத்தில் அவள் மேனேஜருக்கு மதுரை லைன் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அவன் வரவில்லை. முதலில் மாதம் ஒரு கடிதம், பிறகு வருடம் ஒரு கடிதம், பிறகு ஒன்றுமில்லை. பத்தொன்பது வருடங்களுக்கு முன்னால் அவன் தங்கை எமிலி நாசரேத்திலிருந்து எழுதியிருந்தாள்: அண்ணன் அங்கேயே நெஞ்சுவலியில் காலமாகிவிட்டார், அங்கேயே மண்ணில் வைத்துவிட்டார்கள், உங்களைப் பற்றி எப்போதும் பேசுவார், ஒரு தடவை வந்து எங்களைப் பார்த்துவிட்டுப் போங்கள். பரிபூரணம் அதை அடுப்படியில், வாசல் பக்கத்து ஜன்னலைச் சாத்திவிட்டு, சத்தம் இல்லாமல் படித்தாள். மடித்து அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்தாள். பிறகு வெளியே வந்து புல்லுக்குத் தண்ணீர் விட்டாள். பதில் எழுதவில்லை. எழுதினால் அது நடந்ததாகிவிடும். புல் பச்சையாக நிற்கிற வரைக்கும் அது நடக்காதது.

மில் மூடியது. வீடுகளைக் குடியிருந்தவர்களுக்கே கொடுத்துவிட்டார்கள். வீட்டோடு புல்லும் வந்தது, புல்லோடு அதன் தாகமும் வந்தது. இருநூறு அடியில் கிடைத்த தண்ணீர் ஐந்நூறுக்கு இறங்கி, ஐந்நூறிலிருந்து தொள்ளாயிரத்துக்கு இறங்கி, மோட்டார் உறிஞ்சும்போது தரைக்கடியில் யாரோ முனகுகிற மாதிரிக் கேட்கத் தொடங்கிய வருடத்தில், பக்கத்துக் கீழூரிலிருந்து நாற்பது பெண்கள் காலிக் குடத்தோடு வந்து, குடத்தைக் குடியிருப்பின் கேட்டுக்கு முன்னால் கவிழ்த்து வைத்து, அதன் மேல் உட்கார்ந்துகொண்டார்கள். அவர்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவள் மூக்கம்மா.

"என்னம்மா வேணும், டேங்கர் வரச் சொல்லவா?" என்று கேட்டார் சங்கத் தலைவர் கெங்குசாமி. மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர், யாரைப் பார்த்தாலும் மீட்டர் பார்க்கிற மாதிரிக் கொஞ்சம் குனிந்து பார்ப்பார்.

"நாங்க தண்ணி கேட்டு வரல நாயக்கரே. எங்க கிணத்துத் தண்ணி மொகம் மறந்து போச்சு. அது உங்க வாசல்லதான் பச்சையா படுத்திருக்குன்னாக, பாத்துட்டுப் போகலாம்னு வந்தோம்."

கெங்குசாமி அன்று மதியம் சாப்பிடவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சங்கம் கூடி, முப்பத்திரண்டு புல்தரையையும் எடுத்துவிடுவது என்று தீர்மானம் போட்டது. எடுத்த இடத்தில் மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தண்ணீர் ஓடாதபடி சின்னச் சின்ன வரப்பு, மாடியிலிருந்து விழுகிற மழையை வாங்கிக்கொள்ள இடுப்பளவுக் குழி, மேலே சரளைக்கல்லும் கடலைத் தோடும், நடுவில் ஆவாரை, துத்தி, நொச்சி, சோற்றுக்கற்றாழை. ஒரு மழை குடித்தால் அடுத்த மழை வரை வாய் திறக்காத செடிகள். வேலைக்குக் கீழூர்ப் பெண்களையே வைத்துக்கொண்டார்கள். முப்பத்தொரு வாசல் மாறியது. ஆவாரை முதல் பூ பூத்தபோது, இத்தனை வருடம் நாம் ஏன் வேறு ஊர் மாதிரி இருந்தோம் என்று ஆளுக்கு ஆள் கேட்டுக்கொண்டார்கள். எடுத்துப் போட்ட புல்லெல்லாம் இரண்டு நாளில் காய்ந்து ஆட்டுக்குப் போனது.

பரிபூரணம் மட்டும் கையெழுத்துப் போடவில்லை. குளித்த தண்ணீர், அரிசி களைந்த தண்ணீர், பாத்திரம் அலசிய தண்ணீர் எல்லாவற்றையும் சுமந்து விட்டு எட்டு மாதம் அதைப் பச்சையாக வைத்திருந்தாள். அவள் உடம்பு கருவாடாக இளைத்தது. ஒரு நாள் மூக்கம்மா வந்து படியில் உட்கார்ந்தாள்.

"போன் அக்கா, உங்களைத் திட்டணும்னுதான் வந்தேன். பாத்தா திட்ட உடம்புல எடமில்ல."

"திட்டு மூக்கம்மா. நான் கேட்டுக்கிடுதேன்."

"எம் மக பிள்ளை பெத்து வந்திருக்கா. பிள்ளையத் தொடச்சு விடத்தான் தண்ணி இருக்கு, குளிப்பாட்ட இல்ல. பொறந்து இருவது நாளாச்சு, அது இன்னும் தண்ணிச் சத்தம் கேக்கல."

பரிபூரணம் உள்ளே போய்ப் பேனா எடுத்து வந்து கையெழுத்துப் போட்டாள்.

"பிய்க்காதீங்க," என்றாள். "பாய் மாதிரி சுருட்டி எடுங்க."

மூக்கம்மாவும் இன்னும் மூன்று பெண்களும் மண்வெட்டியால் ஓரம் கீறி, பிரசவித்தவளைப் புரட்டிப் படுக்க வைக்கிற பக்குவத்தில், வேரோடும் இரண்டு விரல் கனம் மண்ணோடும் புல்லைச் சுருட்டி, காம்பவுண்டுச் சுவரில் சாய்த்து வைத்தார்கள். அன்று சாயங்காலத்துக்குள் அந்த இடத்தில் வரப்பும் குழியும் வந்துவிட்டன. பரிபூரணம் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் காலை சுருட்டி வைத்த புல் சுவரில் இல்லை. ஏழே முக்காலுக்குத் தெற்கே போகிற வண்டி வருவதற்கு முன்னால் அது உப்போடை ஸ்டேஷன் பிளாட்பாரத்தில், வேப்பமரத்துக்கும் சிமெண்டுப் பெஞ்சுக்கும் நடுவில், நான்கு மூலையும் நேராக விரித்துப் படுத்திருந்தது. லெவல் கிராசிங்கில் கேட் போட்டிருந்ததால் அது ரோட்டோரத்தில் ஒதுங்கி நின்று, கேட் திறந்த பிறகுதான் தாண்டியது என்றும், இந்த ரோட்டில் அப்படி நிற்கிற ஒரு வண்டியைத் தான் பார்த்ததில்லை என்றும் கேட் கீப்பர் சொன்னார். வண்டி வந்து நின்றபோது புல்லின் முன் ஓரம் ஒரு சாண் உயர்ந்தது. அத்தனை புல்லிதழும் பெட்டிகளின் வாசல் பக்கம் திரும்பின. இறங்கியது இரண்டு வெற்றிலைக்கூடையும் ஒரு தபால் பையும். வண்டி போனதும் ஓரம் தாழ்ந்து தரையோடு படிந்தது. சாயங்கால வண்டியையும் அப்படியே பார்த்துவிட்டு, அது மெதுவாக ரோட்டோரமாகவே வந்து, பரிபூரணத்தின் கேட்டுக்கு வெளியே, தன் பழைய இடத்தில் நட்டிருந்த ஆவாரங்கன்றுகளைத் தொந்தரவு செய்யாமல் படுத்துக்கொண்டது.

மறுநாளும் போனது. அதற்கு மறுநாளும் போனது.

ஸ்டேஷன் மாஸ்டர் பிரான்சிஸ் இரண்டு நாள் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். உரிமை கோராத சரக்கு என்று எழுதலாம் என்றால், அதன் உரிமைக்காரி யாரென்று ஊருக்கே தெரியும், அதுவும் தினமும் சாயங்காலம் தானாக அவள் வாசலுக்குத் திரும்பிப் போகிறது. பயணி என்று எழுதலாம் என்றால், அது ஏறுவதும் இல்லை இறங்குவதும் இல்லை.

"வரவேற்க வந்தவங்கன்னு எழுதிக்கோங்க சார்," என்றாள் பரிபூரணம். இத்தனை வருடத்தில் ஸ்டேஷனுக்கு அவள் வந்தது இப்போதுதான்.

"யாரை வரவேற்க மேடம்?"

அவள் தண்டவாளத்தைப் பார்த்தாள். பிரான்சிஸ் மேலே கேட்கவில்லை. அவர் பல ஊர் ஸ்டேஷன் பார்த்தவர். பிளாட்பாரத்தில் நிற்கிறவர்களிடம் அதைக் கேட்கக் கூடாது என்று தெரிந்தவர்.

ஊர் அதைப் பழகிக்கொண்டது. "புல்லு வேலைக்குப் போயிட்டு வருது, மணி ஆறாயிருக்கும்" என்று பெண்கள் விளக்கேற்றினார்கள். வண்டிக்கு வந்தவர்கள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு அதன் மேல் உட்கார்ந்தார்கள், மகப்பேற்றுக்குத் தாய் வீடு வந்த பெண்கள் வண்டியிலிருந்து இறங்கியதும் வீங்கிய காலை அதில் வைத்துக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்கள், மூட்டுவலிக்காரர்கள் டாக்டருக்குப் பதில் அதைப் பார்க்க வந்தார்கள். பெங்களூருக்குத் திரும்பிப் போகத்தான் அது வழி பார்க்கிறது என்றார் கெங்குசாமி. போகிறதென்றால் வடக்கு வண்டிக்கு மட்டும் எழுந்தால் போதுமே, தெற்கு வண்டிக்கு எதற்கு எழுகிறது என்று கேட்டார் பிரான்சிஸ். கெங்குசாமிக்குத் தெரிந்தது தீர்மானம்தான். சங்கத்தை மறுபடி கூட்டி, நடமாடினாலும் புல் புல்தான், அதற்கு யாரும் ஒரு சொட்டுத் தண்ணீர் விடக் கூடாது என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார்.

உப்போடையில் ஒரு வழக்கம் உண்டு. சோறு போட்டதைச் சொல்லலாம், துணி எடுத்துக் கொடுத்ததைச் சொல்லலாம், தண்ணீர் கொடுத்ததை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. கொடுத்தவரும் சொல்லமாட்டார், பார்த்தவரும் கேட்கமாட்டார். தாகத்தோடு வந்த ஒருவரின் தாகத்தை இன்னொருவரிடம் சொல்வது அவரைத் துணியில்லாமல் நிறுத்துவதற்குச் சமம் என்பது அந்த ஊர்க் கணக்கு. அதனால் கெங்குசாமி தினமும் மதியம் ரயில் நேரம் விசாரிக்கிற சாக்கில் ஸ்டேஷனுக்குப் போய், சாப்பிட்ட கையைச் சொம்புத் தண்ணீரில் புல்லின் கிழக்கு மூலையில் கழுவிவிட்டு வந்தார். பிரான்சிஸ் மண்பானையில் மீந்ததைக் கொடி காட்டிவிட்டுத் திரும்பும்போது கவிழ்த்தார். கேட் கீப்பர் விட்டார், தபால்காரர் விட்டார், முப்பத்தொரு வீட்டுக்காரர்களும் ஆளுக்கொரு நேரம் பார்த்து, மற்ற யாரும் விடமாட்டார்கள் பாவம் என்று நினைத்து விட்டார்கள். இரண்டு மைல் நடந்து ஒரு குடம் தண்ணீர் கொண்டுவரும் மூக்கம்மா, பிளாட்பாரத்தைக் குறுக்கே கடக்கும்போது இடுப்புக் குடத்தைச் சற்றே சாய்ப்பாள். அவள் கண் அப்போது வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருக்கும்.

புல் வளர்ந்தது. வாசலளவு இருந்தது களத்தளவு ஆனது. ஆவணியில் அது சாயங்காலம் வீட்டுக்கு வந்து சேர மணி எட்டானது. புரட்டாசியில் ஒரு நாள் வரவேயில்லை. பரிபூரணம் போய்ப் பார்த்தபோது அது ஈரம் சுமந்து கனத்துப்போய், பிளாட்பாரத்துக் கல் இடுக்கில் வேர் இறங்கி, நகர முடியாமல் கிடந்தது. காலை வண்டி வந்தது. அதன் ஓரம் நடுங்கியது, உயரவில்லை. நான்கு நாளில் நடுவிலிருந்து மஞ்சள் பரவியது. தாகத்தின் மஞ்சள் இல்லை, அழுகலின் மஞ்சள்.

"தண்ணி பத்தல போல," என்று கெங்குசாமி மெல்ல ஆரம்பித்தார்.

மூக்கம்மா குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்துப் பிழிந்தாள். விரலிடுக்கில் தண்ணீர் சொட்டியது. கூடியிருந்த எல்லோரும் அந்தச் சொட்டைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு தரையைப் பார்த்தார்கள்.

"நாயக்கரே, தீர்மானம் போட்டது நீங்கதானே?"

"நான் கைதான் கழுவினேன்," என்றார் கெங்குசாமி.

"தெனமுமா?"

"சாப்பிடுறது தெனமும்தானே."

பிரான்சிஸ் கொடியைச் சுருட்டினார். "பானையில மீந்தது. வேற எங்க ஊத்த?"

"எல்லாரும் நல்லா இருங்க," என்றாள் மூக்கம்மா. சிரிக்கத் தொடங்கி, சிரிப்பு நிற்காமல் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "தண்ணி குடிக்குதுன்னு புல்லை எடுக்க வச்சவளே நாந்தான். எடுக்க வச்சுட்டு இங்க வந்து குடத்தைச் சாய்ச்சிருக்கேன் பாருங்க. என் புத்தியை எங்க போய்ச் சொல்ல."

பரிபூரணம் சிரிக்கவில்லை. மஞ்சள் பட்ட இடத்தில் உட்கார்ந்து, உள்ளங்கையால் அதைத் தடவிக்கொண்டிருந்தாள். வீட்டுக்குத் தூக்கிப் போய்க் காயவைத்துக் காப்பாற்றித் தருவதாக ஆண்கள் சொன்னார்கள். கடப்பாரையால் வேரைக் கிளப்பிவிடலாம், எட்டுப் பேர் போதும் என்றார்கள்.

மூக்கம்மா அவள் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். "யக்கா. இது யாருக்குக் காத்துக் கெடக்குன்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"அவுக வருவாகளா?"

"வரமாட்டாக. பத்தொம்பது வருசமாச்சு."

"அது இதுக்குத் தெரியுமா?"

பரிபூரணம் இல்லையென்று தலையாட்டினாள். தெரியாது. பத்தொன்பது வருடமாக அதற்குக் கேட்காமல் பார்த்துக்கொண்டாள். வீட்டில் அழுதபோதுகூடத் தலையணையைக் கடித்துக்கொண்டாள். அவள் சொல்லாத ஒன்றைச் சுமந்துகொண்டுதான் அது நடந்தது, கேட்டில் நின்றது, ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்தது. இனிமேல் எட்டுப் பேர் தூக்கிப் போய் எந்த வாசலில் போட்டாலும் அது எழுந்து இங்கேதான் வரும். எழ முடியாத நாளில் இப்படித்தான் அழுகும்.

"எல்லாரும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க," என்றாள்.

தள்ளி நின்றார்கள். பிரான்சிஸ் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். பரிபூரணம் முழங்கையை ஊன்றி, புல்லுக்கு வாய் எட்டுகிற அளவுக்குக் குனிந்து, அவன் பெயரைச் சொன்னாள். எந்த ஊரில், எந்த மாதத்தில், என்ன நோவில் என்று சொன்னாள். எந்த மண்ணில் வைத்தார்கள் என்று சொன்னாள். இத்தனை நாள் மறைத்ததற்கு மன்னிக்கச் சொன்னாள். அவள் சொல்லி முடிக்க ஒரு கூட்ஸ் வண்டி கடந்து போகிற நேரம் ஆனது. தள்ளி நின்றவர்களுக்கு அவள் முதுகு அசைவது மட்டும் தெரிந்தது.

புல் முதலில் அசையாமல் இருந்தது. பிறகு கல் இடுக்கிலிருந்து வேர்கள் ஒவ்வொன்றாக, பிடித்திருந்த விரல்களைத் தளர்த்துவது போலத் தளர்ந்தன. தளர்ந்த இடத்திலிருந்து தண்ணீர் வந்தது. ஊர் விட்ட தண்ணீர், அவள் சுமந்து விட்ட தண்ணீர், அதற்கும் முன்னால் தரைக்கடியிலிருந்து எடுத்த தண்ணீர், நாற்பத்து நான்கு வருடம் குடித்தது எல்லாம் சலசலத்துப் பிளாட்பாரத்தின் விளிம்பைத் தாண்டி, தண்டவாளத்தை ஒட்டிய ஓடையில் விழுந்து, பழைய ஞாபகத்தில் கீழூர் இருந்த பள்ளத்தைப் பார்த்து ஓடியது. மூக்கம்மா அதோடு கூடவே நடந்தாள். வீட்டு வாசலில் நின்று மகளைக் கூப்பிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்கு வரச் சொன்னாள். மூன்று நாள் ஓடி, கிணற்றில் ஏழு படி ஏறி நின்றது. குளிக்கும் சத்தம் கீழூரிலிருந்து ஸ்டேஷன் வரை கேட்டது.

புல் நான்காம் நாள் வெறும் சருகாகக் கிடந்தது. அன்று வந்த இரண்டு வண்டிகளுக்கும் அது அசையவில்லை. கீழூர்ப் பெண்கள் அதை அரிவாளால் அறுத்துக் கூடையில் அள்ளிப் போய், முப்பத்திரண்டு வாசலிலும் ஆவாரையின் தூரைச் சுற்றி, மண்ணின் ஈரம் போகாதபடி மூடாக்காகப் பரப்பினார்கள். ஐப்பசி மழை நாலே நாள்தான் பெய்தது. குழிகள் அதை வாங்கி வைத்துக்கொண்டன. அந்த வருடம் குடியிருப்பில் யாரும் செடிக்கென்று மோட்டார் போடவில்லை.

பரிபூரணம் கார்த்திகையில் நாசரேத்துக்கு ஒரு கடிதம் எழுதினாள். பதில் வேறு கையெழுத்தில் வந்தது. எமிலி பக்கவாதத்தில் படுத்திருக்கிறாள், பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று பக்கத்து வீட்டுக்காரர் எழுதியிருந்தார். தை பிறந்ததும் பரிபூரணம் ஒரு டிரங்குப் பெட்டியோடு காலை வண்டியில் ஏறினாள். ஆறு வருடம் எமிலியைக் குளிப்பாட்டி, தலை வாரி, ஊட்டிப் பார்த்துக்கொண்டாள். எமிலி இறந்த பிறகும் அந்த வீட்டிலேயே இருந்தாள். எழுபத்தொன்பதாம் வயதில் ஒரு பங்குனி மாதம் அங்கேயே இறந்துபோனாள்.